நெற்பூவின் ஆண் மலடு: பதரும் விதைநெல்லும்

ஒலுவில் வெளிச்சவீட்டுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வட்டைகளில், சிறுபோக அறுவடைக்குச் சில வாரங்களின் முன்னர், கமக்காரர் சிலர் வரம்பில் நின்று மனம் நோவதை நாம் கண்டதுண்டு. அயலவர் வயலில் கதிர்கள் மணி பிடித்துத் தலை சாய்ந்திருக்கும். இவர் வயலிலோ கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். ஒரு கதிரைக் கையில் உருவிப் பார்த்தால் உமி இருக்கும். உள்ளே அரிசி இராது. விதைநெல் விற்றவரைப் பழிப்பார் ஒருவர். பசளையைப் பழிப்பார் மற்றொருவர். வாய்க்காலின் கடைக்கோடிக்கு நீர் வந்து சேராமையைப் பழிப்பார் இன்னுமொருவர். மூவர் கூற்றிலும் சிற்சில வேளைகளில் உண்மை உண்டு. ஆயினும் காரணத்தை அறியாமல் பழி கூறுவதால் அடுத்த போகத்துப் பதர் குறையப் போவதில்லை.

பதர் உண்டாகும் காரணங்களுள் ஒன்று ஆண் மலடு. அதாவது, பூவின் பெண்பாகம் நன்னிலையில் இருக்க, மகரந்தம் மாத்திரம் பயனற்றுப் போதல். உங்கள் வயலில் இது நேரின் நட்டம். பயிர் விருத்தியாளர் கையிலோ இதுவே ஒரு கருவி. அண்மை ஆண்டுகளில் விஞ்ஞானிகள் செடியின் பரம்பரையலகைத் திருத்தும் முறையினால், இம்மலட்டை வேண்டியபோது உண்டாக்கவும் நீக்கவும் கற்றுள்ளனர். இதனால் உங்கள் விதைநெல்லுக்கு என்ன நேரும் என்பதை நீங்கள் முன்னதாகவே அறிந்திருத்தல் நன்று.

பூவின் அமைப்பு

ஒவ்வொரு நெல்லும் முதலில் ஒரு பூவே. இரு உமிகளுக்கிடையில் ஆறு கேசரங்களும், இறகு போன்ற இரு குறிகளையுடைய ஒரு சூலகமும் உள. கதிர் குடலையிலிருந்து வெளிப்பட்ட பின்னர், காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் உமிகள் விரியும். மகரந்தக்கூடுகள் வெடித்துத் தூள் உதிரும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமிகள் மீண்டும் மூடிக்கொள்ளும். உதிர்ந்த மகரந்தமணி சில நிமிடங்களே உயிர்ப்புடன் இருக்கும். இத்துணைக் குறுகிய பொழுதில் தன் பூவின் மகரந்தமே தன் குறியில் விழுகின்றமையால், நெல்லானது தன் மகரந்தச் சேர்க்கைப் பயிராயிற்று. நூறு மணிகளில் ஒன்றேனும் அயற்செடியின் மகரந்தத்தால் உண்டாவது அரிது. சென்ற போகத்து நெல்லையே நீங்கள் இப்போகத்துக்கு விதையாக எடுக்கக்கூடியதாய் இருப்பது இக்காரணத்தினாலேயே. இதனை மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

கச்சான் காற்றும் பதரும்

பூ விரியும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி ஒரு மணி நேரமளவு நீடிப்பினும், மகரந்தக்கூடு சரிவர வெடியாது. குறியில் விழும் மணிகள் போதா. சித்திரை மாதத்தில் விதைத்த மூன்றரை மாத நெல் யூன் இறுதியிலோ யூலையிலோ பூக்கும். மலைநாட்டின் மேற்குப் புறத்தில் மழையைப் பெய்துவிட்டு, மலை கடந்து இறங்கி, வரண்டு சூடேறிய கச்சான் காற்று நம் கரையில் வீசுங் காலமும் அதுவே. ஆகவே நம் பகுதியிற் சிறுபோகப் பதரைக் கண்டால் முதலில் ஐயுறவேண்டியது வெப்பத்தையே, விதையையன்று. கடலோரத் தாழ்நிலங்களில் உவர் ஏறிய நீரும் இத்தகைய தீங்கைச் செய்யும்.

காரணத்தைப் பிரித்தறியும் வழி எளிது. வெளிறி நிமிர்ந்த கதிரைப் பிடித்து இழுங்கள். தடையின்றிக் கையோடு வந்துவிட்டால் அது தண்டு துளைக்கும் புழுவின் வேலை. கதிரின் கழுத்தில் கருமை படர்ந்திருப்பின் எரிபந்த நோய். இவை இரண்டும் இல்லையாயின் பதர் எங்ஙனம் பரந்துள்ளது எனப் பாருங்கள். நெற்கதிர் நுனியிலிருந்து அடி நோக்கி ஏறக்குறைய ஒரு கிழமை வரை பூக்கும். இரண்டு மூன்று நாட் கடுங்காற்று அந்நாட்களில் விரிந்த பூக்களையே கெடுக்கும். ஆதலால் ஒரே கதிரில் ஒரு பகுதி பதராயும் எஞ்சியது மணியாயும் இருக்கும். வயல் முழுவதும் அவ்வாறே காணப்படும். இதற்கு மாறாக, ஒரு செடியின் எல்லாக் கதிர்களும் முற்றும் பதராயிருக்க, அதைச் சூழ்ந்த செடிகள் நிறைந்த மணியுடன் இருப்பின், காரணம் அச்செடியின் வித்திலேயே உள்ளது.

பூக்குங் காலத்திலேயே பார்க்கக்கூடுமாயின் இன்னும் தெளிவு. நல்ல மகரந்தக்கூடு மஞ்சள் நிறமாய்த் திரண்டிருக்கும். மலட்டுக்கூடு வெளிறி மெலிந்திருக்கும். ஐயமிருப்பின், பூவை விரியுமுன் கொய்து, மகரந்தத்தை அயடீன் கரைசலில் இட்டுப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் நோக்கலாம். மாப்பொருள் நிறைந்த நல்ல மணி கருநீலமாகும். மலட்டு மணி சுருங்கி நிறமேறாது நிற்கும். மேல் வகுப்பு மாணவர் எவரும் செய்யத்தக்க சோதனையே இது.

வெப்பத்தால் வரும் பதருக்கு மருந்துப் போத்தல் இல்லை, நாட்காட்டியே மருந்து. போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் தேதி தீர்மானிக்கப்படும்போது, பூக்கும் நாள் எந்தக் கிழமையில் விழும் என்று கணக்கிட்டுக் கேளுங்கள். அறுவடைக்கு ஏறக்குறைய முப்பது நாட்களுக்கு முன்னர் நெல் பூக்கும் என்பதே கணக்கு. மூன்று மாத நெல்லையும் மூன்றரை மாத நெல்லையும் ஒரே நாளில் விதைத்தால் அவை இரு வேறு கிழமைகளில் பூக்கும், ஒன்று தப்பக்கூடும். பூக்குங் காலத்தில் வயலில் நீர் வற்றவிடாதீர்கள். நீர் ஆவியாகும்போது பயிரின் சூடு தணியும்.

வித்திலே உள்ள மலடு

இனி, செடியோடு பிறந்த மலட்டைப் பற்றிக் கூறுவோம். இது இருவகைப்படும். தாவரக் கலத்தின் கருவில் உள்ள ஒரு பரம்பரையலகு பழுதுறுவதால் வருவது ஒன்று. இது தாய் தந்தை இருபக்கத்தாலும் வரும். கலத்துக்குச் சக்தி அளிக்கும் இழைமணிகளில் உள்ள குறையால் வருவது மற்றொன்று. மகரந்தத்தின் வழியாக இழைமணி செல்லாமையால் இது தாய் வழியாக மட்டுமே வரும்.

மலடான செடியை எவர் விரும்புவர் என நீங்கள் வினவலாம். இரு வேறு இனங்களைக் கலந்து பெறும் முதற் சந்ததி, பெற்றோர் இரண்டினும் வீறுடன் வளர்வதுண்டு. நெல்லில் இவ்வீறு 15 தொடக்கம் 20 வீதம் வரை விளைச்சலைக் கூட்டும் என்பது பிற நாடுகளில் கண்ட அனுபவம். ஆனால் நெற்பூ தன் மகரந்தத்தையே ஏற்பதாகையால், கலப்பு விதை வேண்டுமெனில் தாய்ச்செடியின் கேசரங்களைப் பிடுங்கியாக வேண்டும். தக்காளியிலும் கத்தரியிலும் கையினால் இது செய்யப்படுகின்றது. ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் கிடைப்பதால் கூலி கட்டும். கலப்பினத் தக்காளி விதைப் பொதி விலை மிகுந்திருப்பதன் காரணமும் இதுவே. சோளனில் ஆண்பூ உச்சியிலே தனித்து நிற்பதால் அதை ஒடித்தெறிதல் எளிது. ஒரு பூவுக்கு ஒரே மணி தரும் நெல்லில் கைவேலை எங்ஙனம் கட்டும்? தாய்ச்செடி தானாகவே ஆண் மலடாய் இருந்தாலன்றி வழியில்லை. வெங்காயத்திலும் இதே இடர் இருந்தது. 1925இல் கலிபோர்ணியாவில் ஆண் மலடான ஒரு வெங்காயச் செடி கண்டெடுக்கப்பட்ட பின்னரே கலப்பின வெங்காய விதை கைகூடிற்று.

நெல்லில் அந்தச் செடி கிடைத்தது 1970இல், சீனத்தின் தென்கோடித் தீவாகிய ஐனானில். யுவான் லோங்பிங் என்பவரின் குழுவினர் தேடியலைந்து, நீரோரத்தே முளைத்திருந்த காட்டு நெல்லில் ஆண் மலடான ஒன்றைக் கண்டனர். 1973இல் கலப்பு நெல்லுக்கு வேண்டிய மூன்று வழிகளும் அமைந்தன. 1976 தொடக்கம் அது பரந்த வயல்களுக்குச் சென்றது. மூன்று வழிகளாவன: மலட்டுத் தாய், அம்மலட்டைப் பேணிப் பெருக்க உதவும் அதன் உடன்பிறப்பு, மலட்டை நீக்கி வளம் மீட்கும் தந்தை. தந்தையின் மீட்பு அலகு இல்லாவிடின் உங்கள் வயலில் விதைத்த கலப்பு நெல் முழுவதும் பதராகவே முடியும்.

நம் நாட்டில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பீ.ஜி. 407எச் என்னும் கலப்பின நெல்லை 2005இல் வெளியிட்டனர். எனினும் அது உங்கள் வட்டைகளை நிரப்பவில்லை. ஏனெனில் கலப்பு விதை உண்டாக்கல் கடினம்; விலையும் அதிகம். நாற்று நடுவோருக்கு ஏக்கருக்கு ஆறேழு கிலோ விதை போதும். நம் பகுதியில் இரண்டு புசலுக்குக் குறையாமல் வீசி விதைப்பதே வழக்கம். அவ்வாறு வீசக் கலப்பு விதை வாங்கினால் விளைச்சலின் மிகுதி விதைச் செலவிலேயே போய்விடும். இடையில் ஒன்று: 1950களின் பிற்பகுதியில் வந்து நாடெங்கும் பரவிய எச்-4 நெல்லைக் கலப்பினம் என்று முதியோர் கூறுவர். அது கலப்பிலிருந்து தெரிந்தெடுத்து நிலைப்படுத்திய தூய இனம். அதன் நெல்லை மறுபடி விதைக்கலாம். பெயரில் எச் எழுத்து இருப்பதால் மயங்கற்க.

பரம்பரையலகைத் திருத்தும் முறை

மூன்று வழி முறையில் பொருத்தமான தந்தையைத் தேடுவதே பெரும்பாடு. 1973இல் சீனத்தின் ஊபே மாகாணத்திலே, ஷி மிங்சோங் என்பவர், நெடும்பகற் காலத்தில் மலடாயும் குறும்பகற் காலத்தில் வளமாயும் இருக்கும் ஒரு நெற்செடியைக் கண்டார். பின்னர் வெப்பத்துக்கேற்ப மாறுவனவும் கிடைத்தன. ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே இவை தம் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். அதற்கு மேலே சில பாகை ஏறினால் மலடாகும். ஆகவே ஒரே செடி குளிர்நாட்டில் தன்னைத்தானே பெருக்கும். சூடான நாட்டில் கலப்புக்குத் தாயாகும். தந்தையாக எந்த நெல்லையும் வைக்கலாம். மூன்று வழி இரண்டாயிற்று.

இவ்வெப்ப மலட்டின் காரணம் டி.எம்.எஸ்.5 என்னும் ஒரேயொரு பரம்பரையலகின் பழுது என்பது 2014இல் வெளியாயிற்று. ஒன்றே காரணமாயின், அதை வேறு நல்ல நெல்லினங்களிலும் பழுதாக்கிப் பார்க்கலாமன்றோ? இங்கேதான் புதிய முறை பயன்பட்டது. பற்றீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரசை வெட்டி எறியப் பயன்படுத்தும் ஒரு நொதியத்தை விஞ்ஞானிகள் கருவியாக்கினர். கிரிஸ்பர் என்பது அதன் பெயர். வழிகாட்டும் சிறு ஆர்.என்.ஏ. இழை ஒன்று, நொதியத்தை டி.என்.ஏ.யின் குறித்த இடத்துக்கு இட்டுச் செல்லும். நொதியம் அவ்விடத்தை வெட்டும். செடி தானே வெட்டை ஒட்டவைக்கும்போது ஓரிரு எழுத்துகள் கூடியோ குறைந்தோ போகும். அந்தப் பரம்பரையலகு தொழிற்படாது நிற்கும். இக்கருவியை வகுத்த எம்மானுவேல் சார்ப்பென்ரியே, ஜெனிபர் டவுட்னா என்னும் இரு பெண்மணிகளுக்கு 2020இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

2016இல் தென்சீன விவசாயப் பல்கலைக்கழகத்தார் இம்முறையால் ஓராண்டுக்குள் பதினொரு புதிய வெப்ப மலட்டு வழிகளை உண்டாக்கினர். கலப்பும் தெரிவுமாகப் பழைய முறையிற் செய்யின் பல ஆண்டு பிடிக்கும். வெட்டும் கருவிக்குரிய அந்நியப் பரம்பரையலகு, அடுத்த சந்ததிகளில் அது இல்லாத செடிகளைத் தெரிந்தெடுப்பதால் நீக்கப்பட்டது. எஞ்சியது வெட்டின் தழும்பு மாத்திரமே.

இழைமணியில் உள்ள மலட்டுக்கு இக்கருவி எளிதிற் பயன்படாது, வழிகாட்டும் ஆர்.என்.ஏ. இழையை இழைமணிக்குள் செலுத்துதல் கடினம். ஆகையால் சப்பானிய விஞ்ஞானிகள், புரதத்தால் மட்டும் அமைந்த ரலென் எனும் வேறொரு வெட்டுக்கருவியை 2019இல் கையாண்டனர். ஆண் மலட்டு நெல்லின் இழைமணியில் உள்ள ஓ.ஆர்.எப்.79 எனும் பரம்பரையலகை அவர்கள் வெட்டியழித்தனர். செடி மறுபடியும் மணி பிடித்தது. இன்ன அலகுதான் மலட்டுக்குக் காரணம் என்று அதுவரை அனுமானித்திருந்ததை, அதை நீக்கிக் காட்டி உறுதிப்படுத்தியது இந்தப் பரிசோதனையே. குற்றவாளி என ஐயுற்றவனை ஊரிலிருந்து அகற்றியதும் களவு நின்றுபோனதை ஒக்கும் இது. கோதுமையிலும் சோளனிலும் இவ்வாறே ஆராய்ச்சிகள் நடைபெற்றுள.

இழைமணியைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? 1970இல் அமெரிக்காவில் நடந்தது அதற்கு விடை. அங்குச் சோளனின் பெரும்பகுதி, ரெக்சாஸ் மலடு எனப்படும் ஒரே தாய்வழியிலிருந்து உண்டாக்கப்பட்டிருந்தது. மலட்டை உண்டாக்கிய அதே இழைமணிப் புரதம், இலைக் கருகல் பூஞ்சணத்தின் நஞ்சுக்கும் வாயிலைத் திறந்து கொடுத்தது. ஒரே ஆண்டில் நாட்டின் சோளன் விளைச்சலில் ஏறக்குறைய 15 வீதம் அழிந்தது. ஒரு வட்டை முழுவதும் ஒரே இன நெல்லை விதைக்கும் நம் கமக்காரருக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

நம் கரைக்கு இவை பொருந்துமா?

ஒலுவிற் கரையில் மாரியிலும் குளிர் அதிகமில்லை. ஆகவே வெப்ப மலட்டுத் தாய் இங்கு எப்போதும் மலடாகவே நிற்கும். கலப்பு விதை உண்டாக்க இது நன்மை. சீனத்தில் 1989இல் கோடையிடையே எதிர்பாராத குளிர் வந்தபோது, மலட்டுத் தாய்கள் தாமே மணி பிடித்து விதை வயல்கள் கெட்டன. அத்தகைய இடர் இங்கு குறைவு. ஆனால் தாய்ச்செடியின் விதையை இங்கே பெருக்க முடியாது; உயரமான குளிர்நிலம் வேண்டும். தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நீலகிரி மலையிலுள்ள கூடலூரில் இதற்கென நிலையம் வைத்துள்ளமை இக்காரணம் பற்றியே.

விதை வயலுக்கு அயல் மகரந்தம் வராமற் காத்தலும் வேண்டும். சூழவுள்ள நெல்லிலிருந்து நூறு மீற்றர் இடைவெளியோ, பூக்குங் காலத்தில் மூன்று வாரம் முன்பின்னோ இருத்தல் முறை. ஒரு வாய்க்காலில் நாற்பது பேர் அரை ஏக்கரும் ஓரேக்கருமாகச் செய்கை பண்ணும் இடத்தில், அனைவரும் ஒரு மனப்பட்டாலன்றி இது நடவாது. பூக்கும் நாட்களில் முற்பகல்தோறும் தந்தை வரிசைகளைக் கயிறு இழுத்து அசைத்து மகரந்தம் பறக்கச் செய்தலும் வேண்டும். இளைஞர் சங்கங்கள் எதிர்காலத்தில் இத்தொழிலை ஏற்பின் வருவாய் உண்டு. எனினும், வெப்பப் பதரால் விளைச்சலை இழக்கும் வயலுக்குக் கலப்பு விதை முதற்றேவையன்று என்பதே நம் கருத்து. முதலில் நாட்காட்டியைத் திருத்துக.

இனி, மிகவும் கவனித்தற்குரியது. கலப்பு நெல் வாங்கி விதைத்தவர் அதன் விளைச்சலிலிருந்து விதைக்கு எடுத்து வைத்தல் ஆகாது. இரு வழிக் கலப்பின் கணக்கைப் பாருங்கள். தாயிடமிருந்து பழுதுற்ற அலகு ஒன்று, தந்தையிடமிருந்து நல்ல அலகு ஒன்று. முதற் சந்ததி ஒன்றின் பலத்தால் நன்கு விளையும். அதன் நெல்லை மறுபடி விதைத்தால், நான்கு செடிகளில் ஒன்றுக்கு இரு பக்கமும் பழுதுற்ற அலகே சேரும். குளிர்நாட்டில் அது பிழைக்கலாம். நம் வெப்பத்திலோ அது மலடு. அதாவது, வயலில் நான்கில் ஒரு பங்கு பதர். எஞ்சியவையும் உயரத்தாலும் முதிர்ச்சியாலும் ஒன்றுபோல் இரா. மூன்று வழிக் கலப்பிலும் இவ்வாறே மலட்டுச் செடிகள் வெளிப்படும். சேமித்த விதையால் போகம் கெட்டதென்று பின்னர் வருந்துவதிற் பயனில்லை. தூய இனங்களாகிய பீ.ஜி. 352, ஏ.ரி. 362 முதலியவற்றுக்கு இத்தடை இல்லை. அவற்றின் நெல்லை, கலப்பு நெற்களைந்து, விதையாக வைக்கலாம்.

பரம்பரையலகு திருத்தியதாயினும் தூய இனமாயின் இவ்விதியே பொருந்தும். 2025 மே மாதத்தில் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட கமலா, பூசா டி.எஸ்.ரி. 1 என்னும் இரு திருத்திய நெற்களும் ஆண் மலட்டைச் சார்ந்தவையல்ல; முன்னையது மணிகளின் எண்ணிக்கை பற்றியும், பின்னையது உவரும் வறட்சியும் தாங்குதல் பற்றியும் திருத்தப்பட்டவை. ஆதலின் “திருத்திய நெல்லை மறுபடி விதைக்கலாகாது” எனப் பொதுவாகக் கூறுவது தவறு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது தூய இனமா, கலப்பினமா? பொதியில் அதற்கு விடை எழுதப்படாத விதையையும், அத்தாட்சிச் சீட்டு இல்லாத விதையையும் வாங்காதீர்கள். கலப்பு நெல்லே தன் வீறு குன்றாது விதை தருமாறு செய்யும் முயற்சியும் பிறநாட்டு ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றது. 2019இல் கலிபோர்ணியாவில் முதற்படி எட்டப்பட்டது. 2022இல் அவ்வகை விதைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை தாயை அப்படியே ஒத்திருந்தன என வேறொரு குழுவினர் அறிவித்தனர். அது கைகூடின் மேற்கூறிய தடையும் நீங்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். காற்றுச் சூடு இல்லாத பெரும்போகத்தில், சூழவுள்ளவை நிறைந்திருக்க ஒரு செடி மாத்திரம் வெளிறிய மகரந்தக்கூடுகளோடு முற்றும் பதராய் நின்றால், களையென்று பிடுங்கி எறியாதீர்கள். ஐனானிலும் ஊபேயிலும் கிடைத்தவை இத்தகைய தனிச்செடிகளே. பக்கத்தில் ஒரு தடி நட்டு அடையாளமிடுங்கள். எந்த இனம், எப்போது விதைத்தது, எப்போது பூத்தது என்பவற்றைக் குறித்து வையுங்கள். அறுவடைக்கு முன்னர் உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். அறுத்த பின்னரும் அடிக்கட்டையை நீரூற்றிக் காத்தால் மறுதளிர் விடும். ஆராய்வோர் அதிலிருந்து அச்செடியைப் பெருக்கிக்கொள்வர்.